பெருசைக் கட்டிரு

பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற அந்தக் கூடத்தில் முப்பது மெஷின் ஓடும். முப்பதுக்கும் துணி வெட்டிக் கொடுப்பது கட்டிங் மாஸ்டர் ஒருத்தர்தான். நீள மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அட்டைகளை வைத்து, சாக்பீஸால் கோடு போடுவார். முன்பக்கம், பின்பக்கம், கை, காலர், பை என்று ஒவ்வொரு அட்டையையும் இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, இண்டு இடுக்கெல்லாம் செருகி வைப்பார். மற்றவர்கள் வெட்டி நூறு சட்டை வருகிற துணியில் இவர் கை பட்டால் நூற்று நாலு வரும். மேஜைக்குக் கீழே விழுந்து கிடக்கிற துண்டுகளைப் பார்த்துவிட்டு, ஒரு பொம்மைக்குச் சட்டை தைக்கக்கூட மிச்சம் வைக்க மாட்டீரா என்று முதலாளி கேலி செய்வார்.

கையில் அவ்வளவு சாமர்த்தியத்தைக் கொடுத்த கடவுள் வாயில் கொஞ்சம் குறைத்துவிட்டார். மாஸ்டர் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். மனசுக்குள்ளேயே அளந்து, மனசுக்குள்ளேயே கோடு போட்டு, வெட்டி முடித்துவிட்டுத்தான் வந்து நிற்பார். துணியில் அது எப்போதும் சரியாக வந்தது. வீட்டில் ஒரு தடவை சரியாக வரவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மறுநாள் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். மாமனாருக்கு ஒரே மகன். அவன் எங்கேயோ தூரத்தில் கட்டட வேலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அண்ணனுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள் என்று மனைவி சொன்னதற்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் மாஸ்டர். ஆஸ்பத்திரி நடையில் நின்று அவர் யோசித்தது இதுதான்: அத்தனை உயரத்தில் உட்கார்ந்திருக்கிறவனிடம் சொல்லி எதற்குப் பதற வைப்பது, நல்லபடியாக முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், சரியாகத்தான் வரும். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனால் ஆபரேஷன் வரைக்கும் பெரியவர் தங்கவில்லை.

மச்சான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பூட்ஸில் ஒட்டின சிமெண்டோடு நின்றான். "எங்கப்பாவை நான் பாக்கணுமா வேண்டாமான்னு வெட்டுறதுக்கு நீங்க யாரு? அவரு என்ன துணியா?" என்று கேட்டான். அன்றைக்கே கிளம்பினான். போனவன் போனவன்தான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

பிள்ளை இல்லாத வீடு. மனைவிக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது அந்த அண்ணன் ஒருத்தன்தான். அதைப் பற்றி அவள் கணவனை ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. சாப்பாடு போட்டாள், சட்டையைத் துவைத்தாள், காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும் என்று மாஸ்டர் தினமும் கடவுள் முன்னால் நின்று சொல்லிக்கொள்வார். கடவுளிடமும் அவர் எதையும் கேட்டதில்லை.

கப்பல் விளையாட்டு வந்தது கூடத்தில் இஸ்திரி போடுகிறவர் மூலமாக. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் போனைப் பார்த்து முணுமுணுப்பதை மாஸ்டர் ஒரு நாள் எட்டிப் பார்த்தார். ஒரு கடல், ஒரு துறைமுகம், அதில் கப்பல் கட்டுகிற நாலு மேடை. பெரிய போர்க்கப்பலுக்கு இரண்டு மேடை வேண்டும், எண்ணூறு இரும்பு வேண்டும், ஏழு மணி நேரம் ஆகும். சின்னக் காவல் படகுக்கு ஒரு மேடை, நூறு இரும்பு, அரை மணி நேரம். இருக்கிற இரும்பிலும் எண்ணெயிலும் எதைக் கட்டுவது, எதை விடுவது என்பதுதான் விளையாட்டே. மாஸ்டர் அந்த நாலு மேடையைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது விரித்த துணியாகத்தான் தெரிந்தது.

மறு வாரமே அவர் போனிலும் அது ஏறிவிட்டது. பேர் என்ன வைப்பது என்று கேட்டதற்கு 'கத்திரி' என்று எழுதினார். தமிழ் பேசுகிற பத்துப் பேர் சேர்ந்த ஒரு படையில் இடம் கிடைத்தது. ஒரே மாதத்தில் துறைமுகப் பொறுப்பை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். எந்தக் கப்பலைக் கட்டுவது, எதைக் கரைக்குக் கொண்டுவந்து நிறுத்துவது, எதைப் பழுது பார்ப்பது, எதை உடைத்து இரும்பாக்குவது எல்லாம் அவர் விரலில்தான். படைத் தலைவனை எல்லாரும் மேஸ்திரி என்றார்கள். கத்திரியும் மேஸ்திரியும் சேர்ந்தால் பாட்டே கட்டலாம் என்று படையில் இருந்த மருந்துக்கடை அக்கா சிரிப்பாள். படையில் மற்றவர்கள் மைக்கை அமுக்கிப் பேசுவார்கள். மாஸ்டர் மட்டும் எழுதித்தான் அனுப்புவார். மெஷின் சத்தம் என்று முதலில் காரணம் சொன்னார்.

ஒரு சாயங்காலம் வீட்டில் போனை மேஜையில் வைத்திருந்தார். மனைவி எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் மேஸ்திரி பேசினான். யாரோ ஒரு படகைத் தொலைத்துவிட்டதற்கு, "அது கெடக்குது கழுதை, அடுத்ததைப் பாரு" என்றான்.

அவள் கையில் கத்தி நின்றுவிட்டது. அது அவள் அண்ணன் வாயில் எப்போதும் வருகிற பேச்சு.

மாஸ்டருக்கும் அப்போதுதான் உறைத்தது. மேஸ்திரிக்குச் சொந்தமான பெரிய போர்க்கப்பலின் மூக்கில் 'பெருசு' என்று எழுதியிருக்கும். படையில் எல்லாரும் பெரிய கப்பலைப் பெருசு என்றும் சின்னப் படகைப் பொடிசு என்றும் சொல்வதால் அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மாமனாரை மகன் அப்படித்தான் கூப்பிடுவான். பெருசு, சாப்பிட்டாச்சா. பெருசு, மருந்து போட்டாச்சா.

பேசேன் என்று மாஸ்டர் போனை நகர்த்தி வைத்தார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். நாம் யார் என்று தெரிந்தால் இங்கிருந்தும் போய்விடுவான், இப்படியாவது குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேனே என்றாள். அன்றிலிருந்து மூன்று மாதமாகத் தினமும் சாயங்காலம் அந்த மேஜைக்கு வந்து உட்காருவாள். காய் நறுக்குவாள், அரிசியில் கல் பொறுக்குவாள், வேலை இல்லாவிட்டால் பொறுக்கிய அரிசியையே மறுபடி பொறுக்குவாள். மாஸ்டர் மைக்கைத் தொட மாட்டார். மூன்று வாரமாக அவனுக்கு இருமல். அவன் இருமும்போதெல்லாம் இவள் தன் தொண்டையைத் தடவிக்கொள்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் துறைமுகத்தை முற்றுகை போட்டார்கள். எதிரி மூன்று படையைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தான். சாயங்காலம் ஆறு மணிவரை துறைமுகத்துக் கொடி நிற்க வேண்டும். நின்றால் பிழைத்தோம். விழுந்தால் படை கலைந்துவிடும். பத்துப் பேரையும் விளையாட்டே பத்துக் கடலில் தூக்கிப் போட்டுவிடும், யார் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. விதி அப்படி. மற்ற எட்டுப் பேருக்கு அது ஒரு விளையாட்டுப் போவது. இந்த வீட்டுக்கு அது அண்ணனே போவது.

காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, மாஸ்டர் மேஜைக்கு வந்தார். கையிருப்பு தொள்ளாயிரத்து ஐம்பது இரும்பு. அதை வைத்து ஒரு பெருசு கட்டுவதா, எட்டு ஒன்பது பொடிசு கட்டுவதா என்று முந்தின நாளிலிருந்தே படையில் வாக்குவாதம். பஸ் ஓட்டுகிற ஒருத்தர் பெருசு என்றார். மருந்துக்கடை அக்கா பொடிசு என்றாள். மாஸ்டர் மனசிலும் பொடிசுதான். வாக்குவாதத்திலேயே மணி பதினொன்றை நெருங்கிவிட்டது, இனிப் பெருசு கட்டினால் ஆறு மணிக்குத்தான் முடியும், அதற்குள் முற்றுகையே முடிந்துவிடும்.

பதினோரு மணிக்கு மேஸ்திரி வாய் திறந்தான்.

"கத்திரி, பெருசைக் கட்டிரு." அதற்கு மேல் அவன் சொன்னதை இருமல் விழுங்கிவிட்டது.

மாஸ்டர் விரல் அந்தரத்தில் நின்றது. பெருசா, இந்த நேரத்திலா என்று கேட்டு எழுதியிருக்கலாம். மூன்றே வார்த்தை. ஆனால் கேட்டால் அவர் மாஸ்டர் இல்லையே. தலைவன் ஏதோ கணக்கு வைத்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெரிய கப்பலைத் தொட்டு, 'கட்டு' என்று இருந்த இடத்தை அமுக்கினார். எண்ணூறு இரும்பு ஒரே மூச்சில் இறங்கியது. மிச்சத்தில் ஒரே ஒரு பொடிசு கட்டிவிட்டார். ஐம்பது இரும்பு கையில் நின்றது.

இரண்டு மணி தாண்டியபோது மேஸ்திரியின் குரல் மாறியிருந்தது. எண்ணெய் ஏன் இப்படி வற்றுகிறது என்று கேட்டான். பெருசு ஏன் இன்னும் வெளியே திரிந்து அடி வாங்கிக்கொண்டிருக்கிறது என்று கேட்டான். காலையிலேயே கட்டச் சொன்னேனே என்றான்.

மருந்துக்கடை அக்கா துறைமுகத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், மேடையில் புதுசாக ஒரு பெருசு பாதி கட்டி நிற்கிறது, பொடிசு ஒன்றுதான் இருக்கிறது என்று.

நீங்கள்தானே கட்டச் சொன்னீர்கள் என்று மாஸ்டர் எழுதி அனுப்பினார். அதை அக்கா உரக்க வாசித்தாள்.

"கட்டிப் போடச் சொன்னேன் கத்திரி. என் பெருசை. கரையில கொண்டாந்து, கயித்துல கட்டிப் போடச் சொன்னேன். சும்மா எண்ணெயைக் குடிச்சிட்டுத் திரியுதேன்னு." கோபப்படக்கூட அவனுக்குத் தெம்பு இல்லை. சிரித்தான். "நம்ம தமிழ் இருக்கே. மாட்டையும் கட்டலாம், வீட்டையும் கட்டலாம்."

"புண்ணையும் கட்டலாம்" என்றாள் அக்கா, பழக்க தோஷத்தில். யாரும் சிரிக்கவில்லை.

எதிரியின் கடைசிப் பாய்ச்சல் நாலு மணிக்கு. அதைத் தாங்க இன்னும் ஆறு பொடிசாவது வேண்டும். பாதிக் கப்பலைக் கலைத்தால் கால் பங்கு இரும்புதான் திரும்பும். அதில் இரண்டு பொடிசு வரும், அவ்வளவுதான். மேஸ்திரி அடிபட்ட தன் கப்பலை மெல்லத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து தானே கட்டிப் போட்டான். பிறகு ஒவ்வொருத்தர் பேராகச் சொல்லி, இத்தனை நாள் கூட இருந்ததற்கு நல்ல வார்த்தை சொல்ல ஆரம்பித்தான். பஸ்காரரிடம் பார்த்து ஓட்டுங்கள் என்றான்.

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. மனைவி ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

மாஸ்டர் துறைமுகத்தையே பார்த்தார். வெட்டிப்போட்ட துணியில் இன்னும் ஒரு கை எடுக்க முடியுமா என்று பார்க்கிற பார்வை அது. நாலு மேடை. இரண்டில் பாதிக் கப்பல் நிற்கிறது. அதைத் தொட வேண்டாம். இரண்டு மேடை காலி. அரை மணிக்கு இரண்டு பொடிசு. மூன்று அரை மணி இருந்தால் ஆறு. இரண்டரைக்கு ஆரம்பித்தால் நாலுக்குச் சரியாக வரும், ஒரு நிமிஷம் தாண்டினாலும் வராது. மேடை இருக்கிறது, நேரம் இருக்கிறது, இல்லாதது இரும்பு. இரும்பு எங்கே?

கரையில் கட்டிக் கிடந்த கப்பலைத் தொட்டார். 'உடை' என்று வந்தது. பக்கத்தில் ஒரு எண். அறுநூறு.

பெருசை உடைத்தால் அறுநூறு இரும்பு. ஆறு பொடிசு. மணி இரண்டு இருபது.

பெருசை உடைக்கலாமா என்று எழுதி அனுப்பினார். அந்த நேரம் பார்த்து எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவருடைய வரி மேலே ஏறி மறைந்துபோனது. மறுபடி எழுதினார். மேஸ்திரி அடுத்த பேரைச் சொல்லிக்கொண்டிருந்தான், எழுத்தைப் பார்க்கிற நிலைமையில் இல்லை. மணி இரண்டு இருபத்தாறு.

கட்டைவிரலை 'உடை' மேல் கொண்டுபோனார். அமுக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது. அமுக்கினால் துறைமுகம் பிழைக்கும், படை பிழைக்கும், சாயங்காலக் குரல் பிழைக்கும். நல்லபடியாக முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், சரியாகத்தான் வரும் என்று மனசு சொன்னது.

சொன்ன மாத்திரத்தில் ஆஸ்பத்திரி நடையின் மருந்து வாடை மூக்கில் ஏறியது. அன்றைக்கும் மனசு இதே வார்த்தையைத்தான், இதே வரிசையில் சொன்னது.

தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். அவள் போனைப் பார்த்தாள், அவர் விரலைப் பார்த்தாள், அந்தச் சின்ன எழுத்தைப் படித்தாள். நாலு வருஷமாகச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னாள்.

"கேளுங்க."

மாஸ்டர் விரலை எடுத்து மைக்கில் வைத்தார்.

"மச்சான்."

அந்தப் பக்கம் பேச்சு அறுந்தது. யாரது புதுக் குரல் என்று பஸ்காரர் ஆரம்பிக்க, சும்மா இருங்கள் என்று அக்கா அடக்கினாள்.

"நான்தான் மச்சான். கத்திரி. பெருசை உடைச்சா அறுநூறு இரும்பு வரும். ஆறு பொடிசு கட்டிடலாம், நாலு மணிக்குள்ள. துறைமுகம் நிக்கும். பட்டன் என் கையிலதான் இருக்கு. ஆனா நான் அமுக்கல. உங்களைக் கேக்குறேன். உடைக்கட்டுமா, வேண்டாமா?"

வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக அவர் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டு முடித்ததும் மூச்சு வாங்கியது.

மணி இரண்டு இருபத்தெட்டு. வெட்டிக்கொண்டு போய்விடுவான் என்று மாஸ்டர் பயந்தார். மனைவி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கடவுளே, கடவுளே என்று உதடு மட்டும் அசைந்தது.

"எத்தனை நாளா?" என்றது குரல்.

"தெரிஞ்சு மூணு மாசம்."

"அவ?"

"பக்கத்துலதான் நிக்கிறா."

இருமல் வந்தது. நீளமாக வந்தது. அது அடங்கின பிறகு, "மணி?" என்றான்.

"ரெண்டு இருபத்தொன்பது. ஒரு நிமிஷந்தான் இருக்கு மச்சான்."

"இரு மாப்ளே. ஒரு தடவை பாத்துக்கிறேன்."

திரையில் கரைப் பக்கம் காட்சி நகர்ந்தது. கட்டிப் போட்ட கப்பலை மேஸ்திரி சுற்றிப் பார்ப்பது மற்றவர்களுக்கும் தெரிந்தது. பின்புறம், கருகின பீரங்கி, சாய்ந்த புகைக்கூண்டு. கடைசியில் மூக்குப் பக்கம் வந்து நின்றது. பெருசு என்ற எழுத்தில் பாதி அழிந்திருந்தது. பத்து விநாடி இருக்கும். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு இந்தப் பத்து விநாடியைத்தான் அவர் வெட்டி எறிந்திருந்தார். இன்றைக்குத் துறைமுகமே போனாலும் சரி, அவசரப்படுத்துவதில்லை என்று விரலை மடக்கிக்கொண்டார்.

"ம்" என்றது குரல். "உடை."

உடைத்தார். அறுநூறு வந்தது. இரண்டு மேடையிலும் இரண்டு பொடிசு ஏறியது. அப்போது மணி இரண்டு முப்பது, அதற்குமேல் ஒரு விநாடியும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது பேச்சுக்கு இடமில்லாத வேலை. மூன்றுக்கு இரண்டு இறங்கியது, உடனே இரண்டு ஏறியது. மூன்றரைக்கு இன்னொரு ஜோடி. மாஸ்டர் இப்போது வாயாலேயே சொன்னார், இறங்கியாச்சு மச்சான், எந்தப் பக்கம் அனுப்பட்டும் மச்சான் என்று. ஒவ்வொன்றுக்கும் கேட்டார். போதும்யா, இதுக்கெல்லாமா கேட்பீர் என்று மேஸ்திரியே ஒரு தடவை அலுத்துக்கொண்டான். நாலு மணிக்குக் கடைசி ஜோடி தண்ணீரைத் தொட்டபோது எதிரி துறைமுகத்துக்கு வருகிற வாய்க்காலுக்குள் நுழைந்திருந்தான். ஐந்து மணிக்கு மூன்று பொடிசு போனது. அக்காவின் கப்பலும் போனது. ஐந்தரைக்குக் கொடிக்குக் கீழே சுவர் இடிந்தது. பஸ்காரர் தன் படகை வாய்க்கால் வாயில் குறுக்கே நிறுத்தி அடைத்துக்கொண்டு, இனி ஒரு சைக்கிள்கூட உள்ளே போகாது என்றார். அப்புறம் அதுவும் எரிந்தது. மிச்சம் இரண்டு பொடிசு. ஐந்து ஐம்பத்தைந்து. ஒன்று. மாஸ்டரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆறு அடித்தபோது கொடி ஒரு பக்கம் சாய்ந்து, கிழிந்து, ஆனால் கம்பத்தில்தான் இருந்தது. எதிரியின் கப்பல்கள் திரும்பி வரிசையாக வெளியே போயின. ஸ்பீக்கரில் ஏழெட்டுக் குரல் ஒன்றாகக் கலந்தது.

அதே நிமிஷத்தில் மேடையில் ஏழு மணி நேரம் முடிந்து, தப்பாகக் கட்டின அந்தப் பெரிய கப்பல் தானாகத் தண்ணீரில் வழுக்கி இறங்கியது. ஒரு கீறல் இல்லாமல் நின்றது. பேர் எழுத வேண்டிய கட்டம் வெறுமையாக மின்னிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் மைக்கை அமுக்கினார். "மச்சான், புதுக் கப்பலுக்கு என்ன பேரு வைக்கட்டும்?"

"அது கெடக்குது கழுதை" என்றான் மச்சான். "போனை அவகிட்ட குடுங்க."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். துடைத்த கையை மறுபடி துடைத்தாள். போனை இரண்டு கையாலும் வாங்கி வாய்க்குக் கிட்டே வைத்தாள். அண்ணே என்று கூப்பிடத்தான் நினைத்திருப்பாள். வந்தது வேறே.

"மூணு வாரமா இருமுறியே, டாக்டரைப் பாத்தியா இல்லையா?"